ஈயப் பெட்டிக்காரர்

காய்ச்சலோடு வந்த மனிதர் என் தெர்மாமீட்டரைச் சந்தேகப்பட்டார். எங்கள் அறிமுகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

கொல்லிமலையில் செம்மேட்டுப் பக்கம் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் அப்போது நான் மிட்வைஃப். பெயருக்குத்தான் பிரசவம். காய்ச்சல், கண்வலி, கரடி பிறாண்டியது, புருஷன் அடித்தது எல்லாம் என் தலையில்தான் விடியும். டாக்டர் மாதத்துக்கு ஒருமுறை மலையேறி வருவார் என்று உத்தரவில் இருந்தது. உத்தரவு தவறாமல் வந்தது, டாக்டர்தான் வரவில்லை. மலைக்கு ரோடு போடாத காலம் அது. அடிவாரத்திலிருந்து அரிசியும் மருந்தும் மனிதர் தலையில்தான் ஏறி வரும்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி வந்தார். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி, நாலு நாள் தாடி. வாயில் தெர்மாமீட்டரை வைத்து எடுத்துப் பார்த்து, "நூத்திரண்டு" என்றேன்.

"உங்களுக்கு எவ்வளவு காட்டுதுன்னு பார்த்தீங்களா?" என்றார்.

"எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே."

"அதனாலதாங்க கேக்கறேன்."

நோயாளியிடம் வாக்குவாதம் செய்யக்கூடாது என்பதால் அதைக் கழுவி என் வாயில் வைத்துக்கொண்டேன். எனக்கும் காய்ச்சல் என்றது. அவர் முகத்தில் அந்த நடுக்கத்திலும் ஒரு சந்தோஷம். "இது ஒரு டிகிரி கூடக் காட்டுற மாதிரி இருக்கு. அவசரப்படக் கூடாது, உங்களுக்கு நிஜமாவே காய்ச்சல் இருக்கலாம்" என்று சொல்லி, வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களின் வாயிலும் வைத்துப் பார்க்கச் சொன்னார். நல்லபடியாக வெற்றிலை மென்றுகொண்டிருந்த எல்லாருக்கும் காய்ச்சல். அதுவரை அந்தத் தெர்மாமீட்டரை நம்பி நான் எத்தனை பேருக்குக் கசப்பு மாத்திரை விழுங்க வைத்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவரையும் பிடிக்கவில்லை. மாத்திரையைக் கையில் கொடுத்து, "இதையும் சந்தேகப்படாம முழுங்குங்க" என்றேன்.

"இருக்கலாம்" என்றார். அது எதற்குப் பதில் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் ஒரு பெரிய நகரத்து ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து வந்தவர். ஊரை ஒட்டிய மேட்டில் தகரக் கொட்டகை போட்டு, அதற்குள் ஈயக் கட்டிகளைச் செங்கல் மாதிரி அடுக்கி ஒரு குட்டி அறை கட்டியிருந்தார். அந்த ஈய அறைக்குள் ஒரு கண்ணாடிக் குழாய். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ராப்பகலாகக் கொட்டிக்கொண்டிருக்கின்றனவாம். அவற்றில் ஒன்று குழாய்க்குள் நுழைந்தால் வெளியே இருக்கும் பெட்டி 'டிக்' என்று ஒரு தட்டு தட்டும், மீட்டரில் ஓர் எண் கூடும். அவ்வளவுதான் அவர் உத்தியோகம். மலைக்காரர்கள் அவருக்குப் பொட்டிக்காரர் என்று பெயர் வைத்தார்கள். நான் மனசுக்குள் வைத்திருந்த பெயர் 'இருக்கலாம்'.

அந்த ஈயத்தை மலைமேல் கொண்டுவந்தவர்கள் ஊர்க்காரர்கள். கட்டி கட்டியாகச் சும்மாட்டின் மேல் வைத்துக் காட்டுப் பாதையில் ஏற்றினார்கள். அடுக்கியதும் அவர்கள்தான். பொட்டிக்காரர் ஒரே ஒரு கட்டியைத் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து சேர்ந்தார். தைலம் தேய்த்துவிட்டேன். தைலம் தேய்க்காத இன்னொரு இடுப்பு இருந்தால்தான் தைலத்தின் பலன் தெரியும் என்றார்.

சந்தேகம் சிலருக்குக் குணம், சிலருக்கு வியாதி. இவருக்கு அது சாப்பாடு. நான் காப்பி போட்டுக் கொடுத்தால் முதலில் ஒரு வாய் வெறும் வெந்நீர் கேட்பார். அதைக் குடித்துவிட்டு, கண்ணை மூடி யோசித்துவிட்டு, பிறகுதான் காப்பியைத் தொடுவார். வெந்நீரின் ருசியைக் கழித்தால்தான் காப்பியின் ருசி எவ்வளவு என்று தெரியுமாம். "கழிச்சுப் பார்த்ததுல எவ்வளவு தேறிச்சு?" என்று ஒருநாள் கேட்டேன். யோசித்து, "பெரும்பாலும் வெல்லம்" என்றார்.

ஊர்க்கவுண்டர் என்று மலையில் ஊருக்குப் பெரிய மனிதர் ஒருவர் உண்டு. எங்கள் ஊர்க்கவுண்டர் சாமையும் மரவள்ளியும் போடுகிற விவசாயி, வேட்டையில் முதல் துப்பாக்கி அவருடையது. ஊரில் எந்த நியாயமும் அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். அவருக்கும் பொட்டிக்காரருக்கும் நல்ல ஒட்டுதல். ஒருநாள் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு போவதைக் காட்டி, "மழை வருதுங்க சாமி" என்றார் ஊர்க்கவுண்டர்.

"இருக்கலாம். எறும்பு இப்படிப் போயும் மழை வராத நாள் எத்தனைன்னு பார்த்திருக்கீங்களா?"

"ஏனுங்க, மழ பேயாத அன்னிக்கு எறும்ப யாருங்க பாத்துக்கிட்டு இருப்பாங்க?"

பொட்டிக்காரர் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தன் கூடத்திலிருக்கும் பெரிய பெரிய விஞ்ஞானிகள் செய்கிற தப்பு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது என்றார். அந்த வாக்கியம் தன்மேலும் வந்து விழப்போகிறது என்று அவருக்கு அப்போது தெரியாது.

ஈயம் எதற்கு என்று நான் கேட்டபோது அவர் காட்டிய வேடிக்கையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வினைக்கும் அங்கேதான் விதை விழுந்தது. ஊர்க்கவுண்டரும் கூட இருந்தார். ஈய அறைக்கு வெளியே ஒரு குழாயைத் தனியாக வைத்து, ஓடையிலிருந்து எடுத்துவந்த ஒரு கருங்கல்லை அதன் பக்கத்தில் நகர்த்தினார். டிக், டிக் என்று நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்த பெட்டி படபடவென்று தட்ட ஆரம்பித்தது.

"கல்லுக்கும் உசுரு இருக்குதுங்களா சாமி?" என்றார் ஊர்க்கவுண்டர், எழுந்து நின்று.

"உசுருன்னு சொல்ல முடியாது. இந்த மலையில சில கல்லுக்குள்ளயும் கதிர் இருக்கு. எனக்கு வேண்டியது ஆகாயத்துலருந்து வர்றது. அதைக் கேக்கணும்னா இந்தக் கல்லோட சத்தத்தை மறைக்கணும். ஈயம் அதை உள்ள விடாது. ஆகாயத்துல இருந்து வர்றதுல பலமானது மட்டும் ஈயத்தையும் துளைச்சுக்கிட்டு வரும்."

ஊர்க்கவுண்டர் தலையை ஆட்டினார். அவருக்குப் புரிந்தது வேறு என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அந்தக் கல்லைக் கண்டதும் பெட்டி குதூகலமாகத் தட்டியதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். விளக்கத்தை யார் கேட்டார்கள்?

வருஷத்துக்கு ஒருமுறை மாசி மாதத்தில் பொட்டிக்காரர் நகரத்துக்குப் போய்த் தன் கணக்குகளைக் காட்டிவிட்டு வருவார். கொட்டகைச் சாவி ஊர்க்கவுண்டர் இடுப்பில் இருக்கும். பொட்டிக்காரர் இல்லாத நாளிலும் பேட்டரியில் பெட்டி எண்ணிக்கொண்டிருக்கும். மலையில் சாமி கும்பிட்டுப் பன்றி வேட்டைக்குப் போவதும் அந்த நாட்களில்தான். அவர் திரும்பி வரும்போது வாழையிலையில் கட்டிய ஒரு கறிப் பொட்டலத்தோடு அவர் வாசலில் ஆள் காத்திருக்கும். அவரோ முட்டையைக் கண்டாலே பத்தடி விலகுகிற சைவம். வேண்டாமென்று சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று, இரண்டு கையாலும் வாங்கிக் கும்பிட்டுவிட்டு, நேரே என்னிடம் கொண்டுவந்துவிடுவார். நான் மிளகு போட்டு வறுத்துத் தின்பேன். இப்படியாக வருஷா வருஷம் அவருக்குப் புண்ணியம், எனக்குக் கறி.

முதல் வருஷம் மாசி கழிந்ததும் பெட்டியின் எண்ணிக்கை ஒரு படி ஏறியது. ஏறியது இறங்கவில்லை. அவர் எதை நம்பினார், இதை நம்ப? குழாயை மாற்றினார். பேட்டரியை மாற்றினார். வெயிலா, பனியா, காற்றின் அழுத்தமா என்று ஒவ்வொன்றாகக் கழித்தார். அடுத்த மாசியில் இன்னொரு படி. தான் ஊரில் இல்லாதபோதுதான் ஏறுகிறது என்பது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அதனால் அவர் சந்தேகம் யார்மேல் போயிற்று? அவர்மேலேயே. ஈய அறைக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் தன் உடம்பே கதிரை மறைக்கிறதோ என்று நினைத்தார். மூன்றாம் மாசியில் நகரத்துக்குப் புறப்படும்போது தன் எடைக்கு ஒரு மூட்டை மரவள்ளிக் கிழங்கு கட்டச் சொல்லி, தன் நாற்காலியில் உட்கார வைத்து, கயிற்றால் கட்டிவிட்டுப் போனார்.

"கண்ணாடி போடலீங்களா?" என்று கேட்டேன்.

"கண்ணாடிக்கு எடை கம்மி" என்றார், நான் கிண்டல் செய்கிறேன் என்பதே தெரியாமல்.

கிழங்கு மூட்டை உட்கார்ந்திருந்தபோதும் எண்ணிக்கை ஏறியது. தன்னையும் கழித்தாயிற்று. இனி மிச்சம் வானம்தான்.

அவர் ஓடி வந்து எனக்கு விளக்கியது நினைவிருக்கிறது. சூரியனுக்குக் கொதிப்பு கூடுகிற காலமும் அடங்குகிற காலமும் உண்டாம். அது அடங்க அடங்க, தூரத்து நட்சத்திரங்களிலிருந்து வருவது மெல்லக் கூடும். அது உலகத்துக்கே தெரிந்த சங்கதி. ஆனால் இப்படி மாசிக்கு மாசி ஒரு படி ஏறுவது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பூமி தன் பாதையில் அந்த இடத்துக்கு வரும்போது ஏதோ ஒன்றைக் கடக்கிறது. "இருக்கலாம்" என்று அப்போதும் சொன்னார். ஆனால் அந்த 'இருக்கலாம்' சிரித்துக்கொண்டிருந்தது.

இதில் அவருக்கு ஒரு பெரிய ஆசை தொங்கிக்கொண்டிருந்தது. நியூட்ரினோ என்று ஒன்று. சூரியனுக்குள்ளும் நட்சத்திரங்களுக்குள்ளும் பிறப்பது, வானத்துத் துகள்கள் காற்றில் மோதும்போதும் பிறப்பது. இந்த ஈயம் என்ன, இந்த மலை என்ன, பூமி முழுவதையுமே ஊடுருவிக்கொண்டு, எதையும் தொடாமல் போய்விடும். என் உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொல்லி, "இப்போ இது வழியாப் போய்க்கிட்டே இருக்கு" என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். "அதுக்கும் உங்களைத் தெரியலை" என்றார். எப்போதாவது ஒன்று தவறிப்போய் எதிலாவது முட்டும். அதைப் பிடிக்க, மற்ற எந்தச் சத்தமும் எட்டாத ஆழத்தில் காத்திருக்க வேண்டும். அவருடைய கூடத்திலிருந்து ஒரு கோஷ்டி, ஒரு தங்கச் சுரங்கத்தின் அடியில் போய் உட்காரத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதில் ஓர் இடத்துக்காகத்தான் அவர் மலைக்காய்ச்சலும் இடுப்புவலியும் பட்டுக்கொண்டிருந்தார். நான்காம் மாசியில் நகரத்திலிருந்து திரும்பும்போது ஒரு பெட்டி மைசூர்பாகு கொண்டுவந்தார். அவர் காகிதத்தில் வரைந்த எண்ணிக்கைப் படிக்கட்டைப் பார்த்துப் பெரியவர்கள் அசந்துபோனார்களாம். கட்டுரை அச்சுக்குப் போகப்போகிறது, சுரங்கத்தில் இடம் கிடைத்த மாதிரிதான் என்றார். மைசூர்பாகுக்கு முன்னால் வெந்நீர் கேட்கவில்லை.

அந்த வருஷம் கறிப் பொட்டலத்தை ஊர்க்கவுண்டரே எடுத்துக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்தார். எப்படியும் இங்கேதான் வருகிறது, எதற்குச் சுற்றுவழி என்று நினைத்திருப்பார். நான் சும்மா இருக்க மாட்டாமல், "இந்த மலையில கறி திங்கற வாய் இத்தனை இருக்க, சைவக்காரருக்கு எதுக்குங்க வருஷா வருஷம் பங்கு?" என்று கேட்டேன்.

"அதென்னுங்க அம்மணி அப்படிக் கேட்டுப்போட்டீங்க? துப்பாக்கிக்காரனுக்கு ஒரு பங்கு, வெடிமருந்து குடுத்தவனுக்கு ஒரு பங்கு, ஈயம் குடுத்தவனுக்கு ஒரு பங்கு. எங்க அப்பங்காலத்துலருந்து அதானுங்க நடமொற. ஈயப் பங்கு குடுக்காட்டி அடுத்த வருசம் துப்பாக்கி வெடிக்குமுங்களா?"

எனக்குக் கறிப் பொட்டலம் கனத்தது. "அவர் எப்போங்க உங்களுக்கு ஈயம் குடுத்தாரு?"

"மொத வருசம் நாங்களா ரெண்டு கட்டி எடுத்தோமுங்க. பங்கக் கொண்டாந்து வெச்சோம். வேண்டாமுன்னா திருப்பி அனுப்பியிருப்பாரில்லீங்க? ரெண்டு கையாலயும் வாங்கிக் கும்பிட்டாரு. அதுக்கப்புறம் வருசா வருசம் எடுத்துக்கறதுதானுங்க. அந்த ஈயத்துல குண்டு வார்த்தா குறி தப்பறதே இல்லீங்க. போன வருசம் தான் இல்லாட்டிப் போகுதுன்னு ஒரு மூட்டக் கெழங்கக் குந்தவெச்சுப்போட்டுப் போயிருந்தாரு. அதுக்கும் கும்பிடு போட்டுட்டுத்தான் எடுத்தோம்."

"எடுத்த இடம் ஓட்டையா இருக்குமே, எப்படி அவருக்குத் தெரியாமப் போச்சு?"

ஊர்க்கவுண்டருக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஓட்டையா உடுவோமுங்களா அம்மணி? காட்டுல கெழங்கு தோண்டினாக் கூடக் குழிய மூடிப்போட்டுத்தான் வருவோம். பின்னால வரிசையில எடுத்துப்போட்டு, அளவா கல்லுச் செதுக்கி, கரி பூசி வெச்சிருக்குதுங்க. அதுவும் ஏப்பசாப்பக் கல்லு இல்ல. அந்தப் பொட்டிக்குப் புடிச்ச கல்லு, ஓடைக் கல்லாப் பாத்துப் பாத்து வெச்சிருக்குதுங்க."

நான் கறியை அப்படியே வைத்துவிட்டு அவரைக் கையோடு கொட்டகைக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் எனக்கு இவர்மேல் கோபமா பொட்டிக்காரர்மேல் பரிதாபமா என்று சொல்லத் தெரியவில்லை. அழுகை வரும்போல இருந்தது, சிரிப்பும் வந்தது.

ஊர்க்கவுண்டர் என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னார், அதே பெருமையோடு. பொட்டிக்காரர் கத்துவார் என்று நான் காத்திருந்தேன். அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு, எந்தப் பக்கம், எந்த வரிசை, எந்த வருஷம் எத்தனை என்று கேட்டார். பிறகு ஊர்க்கவுண்டர் ஒரு கல்லை உருவிக் கொடுத்தார். அதை வெளிக் குழாயின் பக்கத்தில் வைத்ததும் பெட்டி படபடவென்று தட்டியது. "பாத்தீங்களா" என்றார் ஊர்க்கவுண்டர் என்னிடம்.

பொட்டிக்காரர் கிழங்கு மூட்டைக்கு விட்டுக்கொடுத்த அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நாலு வருஷமா நான் நட்சத்திரத்தைப் பார்க்கலைங்க. உங்க பன்னி வேட்டையைப் பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்" என்றார். பிறகு, "பெட்டி மட்டும் தப்பே பண்ணலை" என்றார். குழாயை, பேட்டரியை, காற்றை, சூரியனை, தன் உடம்பையே சந்தேகப்பட்ட மனிதருக்கு, சாவி வைத்திருந்தவர்மேல் ஒரு நிமிஷமும் சந்தேகம் வரவில்லை. பார்க்காத எறும்பு அதுதான்.

"பங்கு வாங்கினீங்களே சாமி" என்றார் ஊர்க்கவுண்டர், முதல்முறையாகக் குழப்பத்தோடு.

"வாங்கினேங்க. வாங்கினது நிஜம்தான்."

கட்டுரையை அச்சுக்குப் போகாமல் அவரே நிறுத்தினார். அதில் தப்பு இருக்கிறது என்று மட்டும் சொல்லியனுப்பினார். ஆனால் ஈயம் சர்க்கார் சொத்து. கொஞ்ச நாளில் விசாரணைக்கு ஓர் அதிகாரி மலையேறி வந்தார். பாதி வழியில் செருப்பு அறுந்து, வந்த கோபம் முழுவதையும் பத்திரமாக எங்களுக்குக் கொண்டுவந்திருந்தார். கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எட்டத்தில் ஊர் ஆம்பளைகள் எல்லாரும் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். திருட்டு என்று ஒரு வார்த்தை எழுதினால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் வீடு வீடாகத் துப்பாக்கி தேடும், பாதித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடையாது. அந்த வருஷம் சாமை அறுக்க ஊரில் ஆம்பளை இருக்க மாட்டான். எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரியும். அதே சமயம், திருட்டு என்று சொல்லிவிட்டால் அவர்மேல் குற்றமில்லை, சுரங்கத்தில் இடமும் போகாது. அதுவும் தெரியும்.

அதிகாரி கையை நீட்டி, "இவனுங்கதானே எடுத்தது?" என்றார்.

"இருக்கலாம்" என்றார் பொட்டிக்காரர்.

நான் ஊர்க்கவுண்டரைத் திரும்பிப் பார்த்தேன்.

"இருக்கலாம்னா? எடுத்தாங்களா இல்லையா?"

"எடுத்ததை நான் பார்க்கலைங்க. எத்தனையோ காரணம் இருக்கலாம். மலையில மழை ஜாஸ்தி."

"மழையில ஈயம் கரையுமாய்யா?"

"கரையாதுன்னு நான் இன்னும் சோதிச்சுப் பார்க்கலை."

அதிகாரி இவரை மேலும் கீழும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தெர்மாமீட்டரைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன், வேறென்ன செய்வது என்று தெரியாமல்.

"ஈயத்துக்குப் பதிலா கல்லு எப்படி வந்துச்சு?"

"கல்லு இந்த மலையில எங்கேயும் இருக்குங்க. எப்படி வந்துச்சுன்னு சொல்ல ஒரே ஒரு மலையைப் பார்த்தாப் போதாது."

"நாலு வருஷம் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு, செவுத்துல கல் இருக்கறது தெரியாம இருந்திருக்கீர். அப்போ இது உம்ம கவனக்குறைவுன்னு எழுதிக்கட்டுமா?"

பொட்டிக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எழுதிக்கோங்க. அதுக்கு மட்டும்தான் ஆதாரம் இருக்கு."

அதிகாரி எழுதிக்கொண்டார். எட்டத்தில் நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு முழுதும் கேட்டது, என்ன நடந்தது என்பதும் புரிந்தது. ஊர்க்கவுண்டர் மட்டும் அதிகாரி இறங்கிப் போகிற பாதையில் கூடவே நடந்து, அறுந்த செருப்பை மலை எல்லை வரைக்கும் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

புது ஈயம் வந்தது, ஊர்க்காரர்கள்தான் சுமந்து வந்தார்கள். இந்தமுறை கூலி வாங்க மாட்டோம் என்று தகராறு செய்தார்கள். கல் போன இடத்தில் ஈயம் உட்கார்ந்ததும் படிக்கட்டு மறைந்தது. காகிதத்தில் ஒரு கோடு, நேராக, சலிப்பாக ஓடியது. அதை எனக்குக் காட்ட வந்தபோது மைசூர்பாகு கொண்டுவந்த அன்றைக்கு இருந்த அதே சந்தோஷம் அவர் முகத்தில் இருந்ததைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுல என்னங்க இருக்கு, ஒண்ணுமே இல்லையே" என்றேன். "அதைத்தான் நாலு வருஷமாப் பார்க்க முடியாமப் போச்சு" என்றார். அவர் அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த மாசியில் அவர் நகரத்துக்குப் போகவில்லை, அங்கிருந்து யாரும் கூப்பிடவில்லை. வேட்டைக்கு ஊர்க்காரர்கள் கடைத்தெரு ஈயம் வாங்கினார்கள். ஆனாலும் வாழையிலைப் பொட்டலம் அவர் வாசலுக்கு வந்தது.

"இந்த வருஷம் என் ஈயம் எடுக்கலையே, பங்கு எதுக்குங்க?" என்று கேட்டார்.

"அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்தீங்களே சாமி. அதுக்கு எங்க நடமொறையில பங்கு இல்லீங்க. நாங்களாத்தான் புதுசாச் சேத்துக்கிட்டோம்."

பொட்டிக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "கடை ஈயத்துல குறி தப்புச்சா?" என்றார்.

"ஒண்ணும் தப்பலீங்க."

"அப்போ என் ஈயத்துல விசேஷம் எதுவும் இருந்திருக்காது. நீங்களும் கழிச்சுப் பார்த்தாச்சு" என்றார். ஊர்க்கவுண்டர் சிரித்தாரே தவிர, ஒத்துக்கொள்ளவில்லை.

சில மாதத்தில் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். அவர் அடிவாரத்துக்கு அப்பால் ஏதோ ஒரு காலேஜில் வாத்தியார் வேலைக்குப் போய்விட்டார். நான் மலையிலேயே இருந்தேன். காப்பிக்கு முன்னால் ஒரு வாய் வெந்நீர் குடிக்கிற பைத்தியக்காரப் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. கழித்துப் பார்த்தால் என் காப்பியில் பெரும்பாலும் வெல்லம்தான். அவர் போனபின் அதுகூட ருசிக்கவில்லை, ஒளிக்காமல் சொல்கிறேன்.

சில வருஷம் கழித்து, மருந்து சுற்றிவந்த பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்தேன். தங்கச் சுரங்கத்தின் அடியாழத்தில் நியூட்ரினோவின் தடயத்தைப் பார்த்துவிட்டார்களாம். போட்டிருந்த பேரில் அவர் பேர் இல்லை. இருக்காது என்று தெரியும், இருந்தும் மேலிருந்து கீழாகத் தேடினேன். மருந்துப் பாட்டிலை டப்பென்று மேஜையில் வைத்தேன்.

அதற்கப்புறம் ஒருநாள் மருந்துக்காகச் சேலம் போனபோது பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்துவிட்டது, கண்ணாடி தடித்துவிட்டது. பழக்கடையில் ஒரு வாழைப்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேப்பர்ல போட்டிருந்தாங்களே, பார்த்தீங்களா? புடிச்சுட்டாங்களாம்" என்றேன்.

"பார்த்தேன். இருக்கலாம்" என்றார். பிறகு மனசு கேட்காமல், "இல்லை, நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. கழிக்க வேண்டியதை எல்லாம் கழிச்சிருக்காங்க" என்றார்.

அத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அங்கே நீங்க இல்லையேன்னு வருத்தம் இருக்குங்களா?"

என் பஸ் புறப்பட ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் வாழைப்பழத்தைக் கடையில் திருப்பி வைத்தார்.

"இருக்குங்க" என்றார்.

அவரே பேச்சை மாற்றி, மலையில் வேட்டை இன்னும் நடக்கிறதா என்று கேட்டார்.

"நடக்குது. மாசியில உங்க பங்கு வந்துடுது. பொட்டிக்காரர் பங்குன்னு சொல்லித்தான் என் கையில குடுக்கறாங்க. நான்தான் தின்னுக்கிட்டிருக்கேன்."

அவர் சிரித்தார். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். நகர ஆரம்பித்த பஸ்ஸோடு நாலு எட்டு நடந்து வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்:

"மெதுவா மெல்லுங்க. உள்ள ஈயம் இருக்கலாம்."